உங்கள் வகுப்பு என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் முழுக்க முறுக்கு வாசனை. மன்னார்புரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டே அறை கொண்ட ஆபீஸ் அது. மணப்பாறையிலிருந்து வந்த செல்வராசு என்பவர் ஒரு பெரிய பொட்டலம் முறுக்கு வாங்கி வந்து மேஜையில் பிரித்து வைத்திருந்தார். "எங்க ஊர்லேர்ந்து வந்துட்டு வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதுங்க" என்றார். கேம் ஆட வந்திருந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கையோடு டேப் திரையைத் தொடுவார்களே என்று எனக்குக் கவலை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒரு சண்டை கேமைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம். பெங்களூரில் இருக்கிற தலைமை ஆபீஸுக்கு அதில் பாதி மனசுதான். எல்லாரும் இங்கிலீஷிலேயே ஆடிக்கொள்கிறார்களே, தமிழ் எதற்கு என்பது அவர்கள் கட்சி.

அதனால் ஓர் ஏற்பாடு. ஊரிலிருந்து நாலைந்து பேரை வரவழைத்து ஆடச் சொல்ல வேண்டும். சாயங்காலம் தலைமை ஆபீஸின் பெங்களூர் மேடம் போனில் கூப்பிட்டு, தமிழ் வேண்டுமா என்று வந்தவர்களிடமே கேட்பார். வேண்டும் என்றால் தமிழ் வரும். வேண்டாம் என்றால் நாங்கள் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும், எங்களை வைத்திருக்கவும் காரணம் இருக்காது.

எல்லாரும் டேப்பைத் திறந்தார்கள். முதல் திரை வந்தது. பெரிய எழுத்தில் நான் எழுதிய தமிழ்: "உங்கள் வகுப்பு என்ன?" அதற்குக் கீழே தேர்ந்தெடுக்க நாலு பெயர்கள்: போர்வீரர், வில்லாளி, வைத்தியர், திருடர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், "உங்கள் வகுப்பைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் அனுபவம் கூடும் அல்லது குறையும்."

பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயந்தி, சூடு பட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார். "என்னங்க இது, எடுத்த உடனே இதைக் கேக்குறீங்க? அடுத்தது சர்டிபிகேட் அப்லோட் பண்ணச் சொல்லுவீங்களா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன தப்பு என்று அந்த நொடியில்தான் எனக்கே உறைத்தது. செல்வராசு மட்டும் சிரிக்கவில்லை. திரையை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"இதை எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"வகுப்பு. அதுல திருடர்னு ஒரு வகுப்பு. அதுக்கு அனுபவம் கம்மி. அப்படித்தானே?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "எங்க பக்கம் ஒரு காலத்துல சர்க்கார்ல அப்படியேதாம்மா எழுதி வச்சிருந்தாங்க. ஒரு வகுப்பு மொத்தத்தையும் திருடர்னு. பொழுது சாஞ்சா ஆம்பளைங்க எல்லாம் ஸ்டேஷன் வாசல்ல போய்ப் படுக்கணும். எங்க தாத்தா படுத்திருக்காரு."

அவர் டேப்பை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை.

அலகு குத்திய வீரர்கள்

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும். பெயர் ரங்கநாயகி. ஊர் ஸ்ரீரங்கம். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பல வருஷம் படிவம் மொழிபெயர்த்துப் பிழைத்தவள். பேங்க் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ் விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்பதைத் தூக்கத்தில்கூட எழுதுவேன்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு கேமில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? தாலுகா ஆபீஸ் போருக்குப் போனது போல ஆகும்.

படையில் ஒரு வீரனுக்கு ஆங்கிலத்தில் 'யூனிட்' என்று இருந்தது. நான் அகராதிப்படி 'அலகு' என்று போட்டேன். "தங்கள் அலகு வீழ்ச்சியடைந்தது." எதிரில் உட்கார்ந்து என்னோடு மொழிபெயர்க்கும் மும்தாஜ் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அலகா? எல்லாரும் அலகு குத்திக்கிட்டா சண்டைக்குப் போறாங்க, நாயகிக்கா?"

சேர்ந்து போகும் கூட்டத்துக்கு 'பார்ட்டி' என்று இருந்தது. நான் எழுதியது, "உங்கள் கட்சியில் இடமில்லை, ஒருவரை நீக்கிவிட்டுப் புதியவரைச் சேர்க்கவும்." இதைப் படித்து எங்கள் மேலாளர் ஜெரோம் சார்கூடச் சிரித்துவிட்டார். அவர் லேசில் சிரிக்கிறவர் இல்லை. டீத்தூள் வாங்குவதற்கும் பெங்களூருக்கு மெயில் போட்டுக் கேட்கிற மனிதர்.

அலகு போய் வீரர் வந்தது. கட்சி போய்க் கூட்டணி வரப் பார்த்து, அதுவும் போய்க் குழு வந்தது. 'கிளாஸ்' என்பதற்குப் போட்ட வகுப்பு மட்டும் தப்பித்துவிட்டது. அது எங்கள் மூன்று பேர் கண்ணிலும் படவே இல்லை. பள்ளிக்கூடத்து வகுப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நாங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெருமாளையே வழிமறித்து நகை பறித்து, பிறகு ஆழ்வாரான ஒருவருக்கு உற்சவம் உண்டு. வேடுபறி என்று பெயர். குதிரை வாகனத்தில் பெருமாள் முன்னும் பின்னுமாக ஓடி ஓடி வருவதைக் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் திருடர் என்ற சொல் எனக்கு உற்சவச் சொல். செல்வராசுவுக்கு அது போலீஸ் ஸ்டேஷன் சொல். ஒரே ஜில்லாவில்தான் இரண்டு பேரும் பிறந்திருக்கிறோம்.

அள்ளிக் கொடுப்பதும் கிள்ளிக் கொடுப்பதும்

கேமைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் சேர்ந்தபோது எனக்கும் ஒன்றும் தெரியாது.

தரையெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். நம் ஆட்கள் இந்தப் பக்கம், எதிரிகள் அந்தப் பக்கம். நம் முறை வந்தால் ஒவ்வொருவரையும் நகர்த்தி, அடிக்கவோ மருந்து போடவோ செய்யலாம். பிறகு அவர்கள் முறை. அவசரமே இல்லை. ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் கேம் கோபித்துக்கொள்ளாது. என் வயசுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு செயலுக்கும் அனுபவம் என்று கொஞ்சம் புள்ளி சேரும். சேரச் சேர ஆள் பலசாலி ஆவான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. எதிரியை வீழ்த்துகிற போர்வீரருக்கு அள்ளிக் கொடுக்கும். அடிபட்டவரைத் தேற்றுகிற வைத்தியருக்குக் கிள்ளிக் கொடுக்கும். பூட்டைத் திறப்பவருக்கு, அதாவது நான் திருடர் என்று எழுதியவருக்கு, பூட்டைத் திறந்தால்தான் உண்டு. வழியில் பூட்டே இல்லையென்றால் பாவம், சும்மா கூடவே நடந்து வருவார்.

அதோடு போகாது. பலசாலி ஒருவர் சின்ன எதிரியை அடித்தால் அவருக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. அதே எதிரியை ஒரு நோஞ்சான் அடித்தால் ஒரே தாவாகத் தாவிவிடுவான். சீக்கிரமே பெரிய பதவிக்கு உயர்ந்துவிட்டால் அதன்பிறகு அனுபவம் சேர்வது மந்தமாகிவிடும். உயராமல் இருந்தாலோ அடிபட்டுச் சாக வேண்டும். எப்போது உயர்வது, யாரை முன்னால் அனுப்புவது, யாருக்கு எந்த எதிரியை விடுவது என்பதுதான் விளையாட்டே.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மும்தாஜும் ஆடுவோம். எழுதியது திரையில் எப்படி வருகிறது என்று பார்க்கிறோம் என்பது ஜெரோம் சாரிடம் சொல்வது. நிஜமாகவே ஆடத்தான் ஆடினோம்.

நான் எடுத்தது வைத்தியர். வீட்டில் ஏகாதசி விரதமும் அதுவுமாக இருந்துகொண்டு கோடாலியைத் தூக்க மனசு வரவில்லை. மும்தாஜுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. கோடாலிதான் வேண்டும் என்றாள்.

நாலைந்து சண்டை தாண்டியதும் என் வைத்தியர் பின்தங்கிவிட்டார். எல்லாரையும் குணப்படுத்தி அனுப்புகிறார். எதிரி ஒருவன் கிட்டே வந்து ஊதினால் விழுந்துவிடுகிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "நான் இல்லன்னா உங்க ஆள் எல்லாம் என்னைக்கோ போயிருப்பாங்க. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?" என்று டேப்பைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்குப் போயும் புலம்பினேன். என் கணவர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஏன்டி, அந்த வைத்தியருக்கு இன்க்ரிமென்ட் வேணும்னா யாருக்கு மனு போடணும்?" என்று கேட்டார். அவரிடம் அனுதாபத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த நாள் மும்தாஜ் ஆட்டத்தை மாற்றினாள். கோடாலியை வைத்துக்கொண்டு எதிரியை முக்கால்வாசி அடித்து, ஒரு தட்டு தட்டினால் விழுகிற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். பிறகு கையைக் கட்டிக்கொள்வாள். "கடைசி அடி உங்களுது, அக்கா."

வைத்தியர் கையில் ஒரு சின்னத் தடி உண்டு. அதால் ஒரு தட்டு. எதிரி விழுவான். அனுபவம் முழுக்க எனக்கு வரும். இப்படியே ஒவ்வொரு சண்டையிலும் செய்தாள். அவள் ஆள் வளர்வது தடைப்பட்டது. அதை அவள் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. என்னைவிட எவ்வளவோ சின்னவள். அப்படி விட்டுக்கொடுப்பது பெரிய விஷயம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

புள்ளிக் கோலமா, சிக்குக் கோலமா?

செல்வராசு டேப்பைக் கவிழ்த்ததும் ஜெரோம் சாருக்கு வேர்த்துவிட்டது. மனிதர் ஃபேனுக்கு நேராக நின்றுகொண்டும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்வராசு சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பி.காம். படித்துவிட்டு ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்டில் கணக்குப் பார்ப்பவர். இந்த மாதிரி கட்டம் போட்ட கேம்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். வந்ததிலிருந்து ஜெயந்தியிடம் தன் வெற்றிகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தார். அவரே எழுந்துவிட்டால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

அவர் எழவில்லை. "நான் கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு வரலைங்க. ஆடத்தான் வந்தேன். மாத்துவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஜெரோம் சார் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெங்களூரில் யாரோ ஒருவர் எடுத்தார். சொல் பட்டியல் முடிந்துவிட்டது, இனி மாற்றக் கூடாது, எல்லா மொழிக்கும் ஒரே விதி, திங்கட்கிழமை எழுத்துமூலம் கேளுங்கள் என்பது பதில். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

ஜெரோம் சார் உள்ளே வந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்துங்க மேடம். கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

டீத்தூளுக்கு அனுமதி கேட்கிற மனிதர்! அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது.

மாற்றுவது சரி, என்னவென்று மாற்றுவது?

"இனம்னு போடலாமா?" என்று ஜெரோம் சாரே ஆரம்பித்தார். எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில், "இல்ல, வேணாம், வேணாம்" என்று பின்வாங்கினார்.

"பிரிவு?" என்றாள் மும்தாஜ்.

"எந்தப் பிரிவுன்னு கேட்டாலும் அதேதானேங்க" என்றார் ஜெயந்தி.

"தொழில்?"

"அப்புறம் குலத்தொழில்னு ஒருத்தன் ஆரம்பிப்பான்" என்றார் செல்வராசு.

'பொறுப்பு' என்று நான் சொன்னேன். நல்ல சொல்லாகத்தான் தோன்றியது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் 'உங்கள் பொறுப்பைப் பொறுத்து' என்று வந்தது. இரண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

பிறகு எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. 'கோலம்' என்றேன். எங்கள் ஊரில் பெருமாளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு திருக்கோலம். இன்று ஒன்று, நாளை வேறு, மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் நிரந்தரம் இல்லை என்று கை நீட்டி விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடித்ததும் ஜெயந்தி கேட்டார், "உங்கள் கோலம் என்னன்னு கேட்டா, புள்ளிக் கோலமா சிக்குக் கோலமான்னு கேப்பாங்களே மேடம்?"

மும்தாஜ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். செல்வராசுவும் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான். என் கோலம் அழிந்துபோனதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

கீழே கடையிலிருந்து டீ வந்தது. ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் ஒரு சொல்லுக்காகச் சேர்ந்து சண்டை போட்டும், பக்கத்தில் இருப்பவர் யார் என்று அப்போதுதான் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஜெயந்தி டீயை ஊதிக்கொண்டே செல்வராசுவிடம், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

முன்பின் தெரியாதவரிடம் நாம் எல்லாரும் கேட்பது இதைத்தான். பஸ்ஸில் கேட்போம், கல்யாணத்தில் கேட்போம். யாருக்கும் சுருக்கென்று தைக்காது. பதில் சொல்கிறவரும் நிமிர்ந்துதான் சொல்வார். செல்வராசுவும் நிமிர்ந்துதான் சொன்னார்.

நான் டம்ளரை வைத்துவிட்டேன். "வேலை!" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் திரையைக் காட்டிச் சொன்னேன். "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? செய்கிற வேலையைப் பொறுத்து அனுபவம் கிடைக்கும்."

செல்வராசு மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. "வேலைன்னா மாத்திக்கலாம்" என்றார். "இது சரியா இருக்குங்க."

திருடருக்குப் பெரிய விவாதம் ஆகவில்லை. பூட்டைத் திறப்பவர்தானே, சாவிக்காரர் என்று போட்டோம்.

வேலையறையில் ஒரு பகல்

சொல் கிடைத்துவிட்டால் போதுமா? கம்ப்யூட்டரில் ஒரே பொத்தானில் மாற்றிவிடலாம் என்று ஜெரோம் சார் உற்சாகமாக அழுத்தினார். தமிழ் அப்படி லேசில் மசியுமா? வகுப்பை, வகுப்பில், வகுப்பின் என்று ஒவ்வொரு இடத்திலும் வால் மாறியிருக்கிறது. வால் ஒட்டிய இடமெல்லாம் மாறாமல் அப்படியே நின்றது. மாறிய இடங்களில் வேறு கூத்து. கேமில் ஒரு பள்ளிக்கூடம் வரும். அங்கே 'வகுப்பு நேரம்' எல்லாம் 'வேலை நேரம்' ஆகிவிட்டது. ஒரு சின்னப் பெண் வீரனைப் பார்த்து, "நாம் இருவரும் ஒரே வேலைத் தோழர்கள்" என்றாள்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டுக் கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. நானும் மும்தாஜும் ஆளுக்குப் பாதி என்று உட்கார்ந்தோம். வந்தவர்களை மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார் ஜெரோம் சார். யாரும் போகவில்லை. ஜெயந்தி என் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். செல்வராசு மும்தாஜ் பக்கம். பூட்டு, சாவி, அனுபவம் எங்கே வந்தாலும் அவர் ஒரு விளக்கவுரை கொடுத்தார். சாவியைக் கடையில் வாங்கி வேறு யாராவது திறந்துவிட்டால் சாவிக்காரருக்கு அனுபவமே கிடைக்காது, அது அநியாயம் என்றார். "அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே, அது கேம் எழுதினவங்க பண்ணது" என்றாள் மும்தாஜ். "தெரியும்மா, இருந்தாலும் சொல்லணும்ல" என்றார்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சம் சாதப் பொட்டலம் வாங்கி வந்தோம். காலையில் மிச்சமான முறுக்குதான் தொட்டுக்கொள்ள.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மாற்றி முடித்து மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். அவரவர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயந்தி வில்லாளி. செல்வராசு யோசிக்கவே இல்லை, சாவிக்காரரைத் தொட்டார். "முதல் பெட்டி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

போனில் வந்த கேள்வி

சொன்ன நேரத்துக்கு பெங்களூர் மேடம் கூப்பிட்டார். ஜெரோம் சார் போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மேடம் கன்னடக்காரர். தமிழ் கேட்டால் புரியும், பேசுவது இங்கிலீஷில்.

முதல் கேள்வியே எங்களுக்குத்தான். முடிந்த பட்டியலில் ஒரு சொல் எல்லா இடத்திலும் மாறியிருக்கிறது, யாரிடம் கேட்டு மாற்றினீர்கள்?

"நான்தான் மேடம் மாத்தச் சொன்னேன்" என்றார் ஜெரோம் சார். கைக்குட்டையை மறுபடி எடுத்துக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார். காலையில் நடந்ததைச் சுருக்கமாக விளக்கினார். மேடம் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மும்தாஜ் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஜெயந்தி நன்றாக இருந்தது என்றார். கல்லூரியில் படிக்கும் மற்ற இரண்டு பேர், தமிழ் இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் இங்கிலீஷில் ஆடிக்கொள்வோம் என்றார்கள். நிஜத்தைத்தான் சொன்னார்கள்.

கடைசியில் செல்வராசு. நீங்கள் இத்தனை வருஷமாக இங்கிலீஷில்தானே ஆடுகிறீர்கள் என்று கேட்டார் மேடம். அதில் இதே திருடர், இதே வகுப்பு எல்லாம் இங்கிலீஷில் இருந்ததே, அங்கே உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லையே. தமிழில் வந்ததும்தான் பிரச்சினை. பிறகு எதற்குத் தமிழ்?

கேள்வி நியாயமானதுதான். ஜெரோம் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வராசு டேப்பைக் கீழே வைத்தார். போனுக்குக் கிட்டே குனிந்து பேசினார்.

"ஆமா மேடம். இங்கிலீஷ்ல எத்தனையோ தடவை அதைத் தொட்டிருக்கேன். ஒண்ணுமே தோணினதில்ல. அது யாரையோ சொல்லுது, எனக்கென்னன்னு போயிடுவேன். ஜெயிச்சாலும் அப்படித்தான். பிரமாதம்னு இங்கிலீஷ்ல வரும், அதுவும் யாருக்கோ சொல்ற மாதிரிதான் இருக்கும். இன்னைக்குத் தமிழ்ல பாத்ததும் சுருக்குன்னு தச்சிது. ஏன்னா அது என்கிட்ட பேசுது. அப்புறம் மாத்திக் குடுத்தாங்க. இப்ப ஒரு பெட்டியைத் திறந்தேன், 'நல்ல வேலை, சாவிக்காரரே'ன்னு வந்துச்சு. அதுவும் என்கிட்டதான் சொல்லுச்சு. எனக்குக் கோவம் வர்ற பாஷையிலதான் மேடம் சந்தோஷமும் வருது. அதனால தமிழ்ல வேணும்."

லைன் போய்விட்டதோ என்று ஜெரோம் சார் போனைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகு மேடத்தின் குரல் வந்தது. அதுவரை இங்கிலீஷில் பேசியவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னார்.

"சரி. தமிழ் இருக்கட்டும். அந்த வேலையும் இருக்கட்டும்."

எந்த வேலையைச் சொன்னார், திரையில் இருந்ததையா, எங்களுடையதையா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டும் இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

ஜெரோம் சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மும்தாஜ் என் கையை இன்னும் விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு காலம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியது தன்னோடு பேசியதாக ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் காலையில் அதே தமிழால் நோகடிக்கப்பட்டவர்.

செல்வராசுவுக்கு எதிரே போய் நின்றேன். "ரொம்ப நன்றிங்க. உங்களாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கம்மா. இப்ப என் முறை."